எங்க வீட்டுல யாருக்கும் இல்ல

ஆகஸ்ட் 19

என்னை முகூர்த்த மெத்தையிலிருந்து இறக்கியது என் அத்தான்.

முதலாளி இல்லை. அந்தப் புளியங்குடிக்காரி இல்லை. அத்தான்தான். கடை சாத்துவதற்கு முன்னால் பக்கத்தில் வந்து நின்று, மடித்து வைத்த சேலைகளைப் பார்த்தபடி, "நாளையில இருந்து நீ கீழ பேக்கிங்ல நில்லு இசக்கி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என் அக்கா கோமதியின் புருஷன். பட்டு மாடிக்கு சூப்பர்வைசர். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

தென்காசியில் ஜவுளிக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் கடையில்தான் கல்யாணச் சேலைக்கென்று தனி மெத்தை. வெள்ளை விரிப்பு, ஆளுயரக் கண்ணாடி, தட்டில் குங்குமம். மெத்தையில் நிற்கிற பெண் சேலையைத் தன் தோளில் போட்டு, முந்தியை இடது முன்கையில் விரித்துக் காட்ட வேண்டும். எடுத்து முடித்ததும் அவளேதான் தட்டில் வைத்துக் கல்யாணப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அதனால் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. மெத்தையில் நிற்பவள் குறையில்லாதவளாக இருக்க வேண்டும். புருஷன் செத்தவள் கூடாது. புருஷன் விட்டுப்போனவள் கூடாது. பிள்ளை இல்லாதவள் கூடாது. என்னைப் போலக் கல்யாணமாகாதவள் என்றால் ரொம்ப நல்லது. அவள் குறை இன்னும் வெளியே தெரிந்திருக்காது.

இன்று மத்தியானம் ஒரு அரக்குச் சேலை. புளியங்குடியிலிருந்து வந்த கல்யாண வீட்டார். பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஜரிகை வெளிச்சத்தில் தெரியட்டும் என்று முந்தியை உயர்த்திப் பிடித்தேன். அந்த அம்மா ஜரிகையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். "இது என்னம்மா?" என்றாள். பிறகு அத்தானிடம் திரும்பி, இந்தச் சேலை வேண்டாம், வேறு பெண்ணை விட்டு வேறு சேலை எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். அந்தப் பெண் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு அந்த நிறம் அவ்வளவு எடுப்பாக இருந்திருக்கும்.

இடது முன்கையில் மூன்று கட்டிகள். பெரியது நெல்லிக்காய் அளவு, மற்றவை சுண்டைக்காய். விலாவில் ஒன்று. அழுத்தினால் தோலுக்கடியில் நழுவும், வலிக்காது. போன வருஷத்திலிருந்து இருக்கின்றன, கடையில் யாரும் கவனித்ததில்லை. இப்போது கண்ணில் படுவது கட்டி இல்லை, அதன் மேலிருக்கும் கறுத்த புண். சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வெற்றிலையில் வைத்துக் கட்டினால் கரைந்துவிடும் என்று அக்கா சொன்னாள். கட்டினேன். தோல் வெந்தது. கட்டி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 20

பேக்கிங் என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை. அட்டைப்பெட்டி, பை, டேப். செண்பகவல்லி அங்கே இருக்கிறாள். எனக்கு முன்னால் மெத்தையில் நின்றவள் அவள். அவள் புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் செய்ததற்கு இவளைக் கீழே அனுப்பினார்கள். அப்போது நான் மேலே ஏறினேன். அதைப்பற்றி அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

"வாட்டி தாயி" என்று எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எனக்குப் புருசன் போனான், உனக்குக் கை போச்சு. இன்னும் ஒருத்தி வந்தா சங்கம் வச்சிருவோம்."

மத்தியானம் சாப்பிடுகிற இடத்தில் பானைக்குப் பக்கத்தில் புது எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. விளிம்புக்குக் கீழே சிவப்பு நூல் கட்டியிருந்தது. யாருக்கு என்று கேட்டேன். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். செண்பகவல்லி எழுந்து வந்து அதில் தண்ணீர் மோந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, அதே இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

ஆகஸ்ட் 22

மெத்தையிலிருந்து இறக்கியதை அப்பாவிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போவட்டும், வேல இருக்குல்லா" என்றார்.

அப்பாவுக்கும் கையில் கட்டிகள் உண்டு. இரண்டு கையிலும், வரிசையாக. அரிசி ஆலையில் மூட்டை தூக்கியதால் வந்தவை என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேனிற்காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். உழைத்த கையை மறைப்பானேன் என்று நான் நினைத்ததுண்டு, கேட்டதில்லை.

அம்மாவுக்கும் கட்டி என்றுதான் ஆரம்பித்தது. மார்பில். இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

ஆகஸ்ட் 24

நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அக்காவைக் கூட வரச் சொன்னேன். பாப்பாவுக்குச் சளி என்றாள். பாப்பா தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 25

டாக்டர் ஒரு பெண். என் வயதைவிடப் பத்துப் பதினைந்து கூட இருக்கும். பேச்சில் மிச்சம் மீதி கிடையாது. ஒவ்வொரு கட்டியையும் இரண்டு விரலால் நகர்த்திப் பார்த்தாள். புண்ணைப் பார்த்து, "இதை யாரு செஞ்சது?" என்றாள். நான்தான் என்றேன். சுண்ணாம்பு எந்தக் கட்டியையும் கரைக்காது, தோலைத்தான் கரைக்கும் என்றாள்.

வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பாவுக்கு இருக்கிறது, ஆனால் அது மூட்டை தூக்கியதால் வந்தது என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "முன்கையிலயா மூட்டை தூக்குனாரு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. பார்த்தால் கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் பெரியதில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்துவிடுவோம், உனக்கும் நிம்மதி என்றாள். முடிவு தெரிய அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

ஊசி அதிகம் வலிக்கவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்தபோது மட்டும் வலித்தது.

ஆகஸ்ட் 27

அக்கா வந்தாள். நெத்திலிக் குழம்பு கொண்டுவந்தாள், அம்மா வைக்கிற மாதிரியே. சாப்பிட முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். இதுவரை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் என் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா வாசலில் போய் நின்றுகொண்டார்.

அவள் அழுதது எனக்கு ஆறுதலாக இருந்தது. எனக்காக அழ ஒருத்தி இருக்கிறாள்.

ஆகஸ்ட் 29

அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துடைத்து மாட்டினேன். கடையில் தொண்ணூறு பெட்டி மடித்திருப்பேன். வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 1

ஒன்றும் இல்லை. வெறும் கொழுப்பு.

ஆங்கிலத்தில் லைபோமா என்று பெயர். தோலுக்கும் தசைக்கும் நடுவில் கொழுப்பு கொஞ்சம் உருண்டு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இது புற்றுநோய் இல்லை, இதைத் தொட்டால் யாருக்கும் ஒட்டாது, உடம்பு மெலிந்தாலும் போகாது, மாத்திரையிலும் போகாது. எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. திடீரென்று பெரிதானாலோ, கல் மாதிரி இறுகினாலோ, வலித்தாலோ வந்து காட்ட வேண்டும். மற்றபடி அதுபாட்டுக்கு இருக்கட்டும். இப்படிப் பல இடத்தில் வந்தால் பெரும்பாலும் குடும்ப வாகுதான், உன் அப்பாவுடையதும் இதுவாகத்தான் இருக்கும், ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா என்றாள் டாக்டர்.

எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, பிதுக்கி எடுத்துத் தையல் போட்டால் முடிந்தது, தழும்பு மட்டும் இருக்கும் என்றாள். கட்டுப் பிரிக்க வந்திருந்த ஒருவரின் புஜத்தைக் காட்டினாள். நேர்கோடு, இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகத் தையல் தடம். ஒரு பூரான் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி.

அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

நேரே அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே சொன்னேன். "நாந்தான் அப்பவே சொன்னேன்லா, ஒண்ணும் இருக்காதுன்னு" என்றாள். அவள் அப்படிச் சொல்லவே இல்லை.

செப்டம்பர் 3

டாக்டரின் சீட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அத்தானும் இருந்தார். முதலாளி கெட்டவர் மாதிரி பேச மாட்டார், அதுதான் அவருடைய திறமை. உட்காரச் சொன்னார். சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"டாக்டரம்மா குடும்ப வாகுன்னு எழுதியிருக்காவ. அப்படின்னா சரிதான் தாயி. குடும்பத்துல எல்லாருக்கும் இருந்தா அது உடம்பு வாகு, மச்சம் மாதிரி. நானே கஸ்டமர்ட்ட சொல்லிருவேன். ஆனா உனக்கு மட்டும்லா வந்திருக்கு? குடும்பத்துல இல்லாம வந்தா அது ஒட்டுவாரொட்டிதான?"

எங்கள் அப்பாவுக்கு இருக்கிறது என்றேன்.

முதலாளி அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாமாவுக்கு அது மூட்டை தூக்குனது முதலாளி. இவ கையப் பாத்த அன்னைக்கே நான் கோமதிட்ட கேட்டுட்டேன். எங்க வீட்டுல யாருக்கும் இல்லன்னு அடிச்சிச் சொல்லிட்டா."

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஐப்பசி முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்கக் கூட்டம் வருவதற்குள் மெத்தைக்கு ஒரு புதுப் பெண்ணைப் பழக்கியாக வேண்டும். பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை இலஞ்சியிலிருந்து ஒருத்தி வருகிறாளாம். அதற்குள் என் பக்கம் ஏதாவது இருந்தால் வந்து சொல்லச் சொன்னார் முதலாளி.

செப்டம்பர் 4

குக்கர் ஆவி நேர்கோடாகவா சுடும்?

செப்டம்பர் 6

அக்காவின் வலது புஜத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் குக்கர் ஆவி அடித்ததாகச் சொன்னாள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆவி சுட்டால் தோல் பரவலாக வெளுக்கும். இவளுக்கு ஒரு கோடு, இரண்டு பக்கமும் புள்ளி.

டாக்டரிடம் வரச் சொன்னால் அப்பா வர மாட்டேன் என்கிறார். இன்று அவரைக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. கோமதிக்கு நீங்கள்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றேன்.

அவர் சட்டைக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போன பிறகு அவளுக்குப் புஜத்தில் ஒன்று பெரிதாகத் தெரிந்ததாம். ரவிக்கை தைக்கிறவள் கேட்டுவிட்டாளாம். நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தார்களாம், ஊரில் யார் கண்ணிலும் படாமல். எடுத்ததைச் சோதித்து, கொழுப்புதான், அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம்.

அன்றைக்கே தெரியும். மூட்டை இல்லை என்று தெரியும். என் கையில் இருப்பது என்னவென்று தெரியும். ஒரு வாரம் நான் சோறு இறங்காமல் அம்மாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இவர் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கிட்டச் சொன்னா உனக்குப் பயம் போயிரும், நீ போய் அத்தான்ட்டச் சொல்லிருவ" என்றார். "மாப்பிள வீட்டுல மறைச்சிக் கட்டிக் குடுத்தாச்சி. அவ குடும்பம் நல்லா இருக்கட்டும்ளா."

அவ குடும்பம். நான் எந்தக் குடும்பம் என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செப்டம்பர் 7

அக்கா வீட்டு மொட்டைமாடி. அவள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்பா போன் செய்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் செய்தி நன்றாகத்தான் போய்வருகிறது, எனக்குத்தான் வந்து சேரவில்லை.

நான் நிறைய கேட்டேன். சுண்ணாம்பு வைக்கச் சொன்னாயே, அது கரைக்காது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் நீ என்னை இழுத்துக்கொண்டு போவாய், அங்கே டாக்டர் என்னிடமும் கேட்பாள், அதனால்தான் ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன் என்றாள். வெந்துபோகும் என்று சத்தியமாகத் தெரியாது என்றாள். மிளகாயைத் தள்ளித் தள்ளி ஒரே இடத்தில் குவித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அழுதாயே, அது என்ன அழுகை என்று கேட்டேன். குவித்த மிளகாயை மறுபடி பரப்பினாள்.

பிறகு அவள் சொன்னது இது. அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

"அவிய அம்மா சும்மாவே பொண்ணு பெத்தவன்னு குத்துதாவ. இது தெரிஞ்சா பாப்பாவுக்கும் வரும்னு சொல்லிச் சொல்லியே என்னையக் கொன்னுருவாவ. நீ தனி ஆளு இசக்கி. நீ தாங்கிக்கிடுவ."

தனி ஆள் தாங்கிக்கொள்வாள் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. செண்பகவல்லி தாங்கிக்கொண்டாள். டம்ளரில் நூலைக் கட்டிவிட்டால் தாங்கிக்கொள்வோம்.

செப்டம்பர் 10

அத்தான் பேக்கிங் மேசைக்கு வந்து எனக்கும் செண்பகவல்லிக்கும் டீ வாங்கி வைத்தார். பேப்பர் கப். "உனக்கு மட்டும் ஏம் இப்படி வந்துச்சோ" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு வார்த்தை போதும். வாய்வரைக்கும் வந்தது. டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் செண்பகவல்லி, "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

நான் சொன்னால் அது கோள். அக்கா சொன்னால்தான் உண்மை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. அக்காவின் மேல் பாசத்தால் இல்லை.

முதல் நாள் அத்தானைப் பற்றி எழுதியதை அடிக்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல்தான் இறக்கினார்.

செப்டம்பர் 12

புண் ஆறிவிட்டது. தோல் வெளிர்நிறமாக வந்திருக்கிறது. அடியில் கட்டி மெத்தென்று இருக்கிறது, விரலுக்கு நழுவுகிறது. குளிக்கும்போது சோப்பை அதன்மேல் ஓட்டினேன். இதற்கு என்மேல் ஒரு விரோதமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எழுபது வயது வரைக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். இருந்துவிடுவேன். இதோடு இருப்பதில் கஷ்டம் ஒன்றுமில்லை.

வலது கையில் புதிதாக ஒன்று, உளுந்து அளவு. பார்த்தேன், பயப்படவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்போதும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. போக வேண்டாம் என்று அப்பா சொன்னார். நான் போனேன், அதனால் அவரும் வந்தார்.

அப்பாவும் அத்தானும் நானும் வரிசையாக உட்கார்ந்தோம். பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பரிமாறினாள். என் தட்டில் மட்டும் இரண்டு மீன் துண்டு கூட வைத்தாள்.

நாளை அந்த இலஞ்சிப் பெண் வருகிறாள் என்று அத்தான்தான் பேச்சை ஆரம்பித்தார். அவளுக்கு முந்தி விரிக்க நீதான் பழக்கிவிட வேண்டுமாம், முதலாளி சொன்னார் என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத இசக்கி. வீட்டுல ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு இருந்திருந்தாக்கூட நான் முதலாளிட்டச் சண்ட போட்டிருப்பேன். எதைச் சொல்லிச் சண்ட போட?"

அப்பாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அக்கா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா" என்றேன். "அத்தான் கேக்காவ."

"ரசம் ஊத்தவாளா?"

"உனக்கு இருந்துச்சா, இல்லையா? நாஞ்சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

அத்தான் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எது இருந்தது என்று கேட்டார். மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக. அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் விழுந்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து அத்தானின் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தாள். போதும் என்று அவர் கையால் மறித்தார். அந்தக் கைமேலேயே இன்னொரு கரண்டி வைத்தாள்.

"சொல்லுக்கா" என்றேன்.